டேப்லெட்டில் எழுதிய குறிப்பு லேப்டாப்பில் காணோமா? ஆராய்ச்சிக் கட்டுரைகளை இரண்டிலும் தொலைக்காமல் படிப்பது எப்படி?

குரங்கணி மலைச்சரிவு. 2018-ல் காட்டுத்தீ பரவிய பகுதியைப் பற்றி ஆய்வு செய்யும் ஒரு எம்.எஸ்சி. மாணவி, வனத்துறை அனுமதியோடு அங்கே நிற்கிறார். கையில் டேப்லெட். அதில் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை திறந்திருக்கிறது. கட்டுரையில் உள்ள செயற்கைக்கோள் வரைபடத்தையும் கண்முன்னே இருக்கும் சரிவையும் மாறி மாறிப் பார்த்து, வரைபடத்தின் ஓரத்திலேயே பேனாவால் எழுதுகிறார்: "படத்தில் இது கடுமையாக எரிந்த இடம். இப்போது இடுப்பளவு புல்."

மாலை போடிநாயக்கனூர் விடுதிக்குத் திரும்பி லேப்டாப்பைத் திறக்கிறார். அதே கட்டுரை, அதே பக்கம். ஆனால் ஒரு கோடு கூட இல்லை. சுத்தமாக வெள்ளையாக இருக்கிறது.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் லேப்டாப், டேப்லெட் இரண்டையும் வைத்துப் படிக்கிற யாருக்கும் இது நடக்கலாம். ஃபைல் அழியவில்லை, வைரஸ் வரவில்லை. குறிப்பு எங்கோ இருக்கிறது. எங்கே என்றுதான் தெரியவில்லை.

புத்தகத்தில் போட்ட அடிக்கோடு போனால் மறுபடி படித்துப் போட்டுக்கொள்ளலாம். மலையில் நின்று எழுதிய குறிப்பு போனால் மறுபடி அனுமதி வாங்கி, மறுபடி ஏற வேண்டும். அதற்குள் புல்லும் மாறியிருக்கும்.

இந்தச் சிக்கல் ஏன் வருகிறது, செலவில்லாமல் எப்படித் தவிர்ப்பது? விரிவாகப் பார்ப்போம்.

ஏன் குரங்கணி?

தேனி மாவட்டத்தில் போடிக்கு மேலே இருக்கும் சிறிய மலையடிவார ஊர் குரங்கணி. ஆனால் இந்த மலையைச் சுற்றி நடந்த, நடக்கிற ஆய்வுகள் கொஞ்சநஞ்சமல்ல.

2018 மார்ச் 11-ம் தேதி இங்கே ஏற்பட்ட காட்டுத்தீயில் மலையேற்றம் சென்றவர்கள் சிக்கிக்கொண்டார்கள். 23 பேர் உயிரிழந்தார்கள். எரிந்த பரப்பை செயற்கைக்கோள் படங்களை வைத்து அளக்கும் ஆய்வுகளுக்கு அந்தச் சம்பவம் ஒரு களமானது.

போடி மேற்கு மலையில் பொட்டிப்புரம் அருகே திட்டமிடப்பட்டது இந்திய நியூட்ரினோ ஆய்வகம். மத்திய அமைச்சரவை 2015 ஜனவரியில் ஒப்புதல் கொடுத்தது. சுற்றுச்சூழல் காரணங்களுக்காக எதிர்ப்பு எழுந்து, விவகாரம் நீதிமன்றம் போனது. ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் ஆய்வுக் கட்டுரைகளைத்தான் மேற்கோள் காட்டினார்கள்.

மூன்றாவது, ஏலக்காய். ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் மின்னணு ஏலம் நடக்கும் ஊர்களில் போடியும் ஒன்று. மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் மைலாடும்பாறையில் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. நோய், விளைச்சல், மழை என்று ஏலக்காய் பற்றி வரும் கட்டுரைகள் விவசாயிக்கும் மாணவருக்கும் ஒரே அளவு தேவை.

ஆக, காடு, இயற்பியல், விவசாயம் மூன்றும் இந்த ஒரே மலையில் இருக்கிறது. இதைப் படிக்கிறவர்கள் கீழே கம்ப்யூட்டரிலும் மேலே டேப்லெட்டிலும் படிக்க வேண்டியிருக்கிறது. மேலே போகப் போக சிக்னலை நம்ப முடியாது என்பது கூடுதல் சிக்கல்.

முதலில் கட்டுரை எங்கே கிடைக்கும்?

காசு கொடுக்காமல், சட்டப்படி, பேப்பர் எடுக்க வழிகள் இருக்கின்றன.

• ஆர்கைவ்: இயற்பியல், கணிதம், கணினி அறிவியல் கட்டுரைகளுக்கான இலவசத் தளம். 1991-ல் தொடங்கியது. நியூட்ரினோ ஆய்வகத்தின் முக்கியமான அறிவியல் அறிக்கை இங்கே 1505.07380 என்ற எண்ணில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் இறக்கலாம். அந்த எண்ணே ஒரு தகவல்தான்: 15 என்பது ஆண்டு, 05 என்பது மாதம். அதாவது 2015 மே.

• ஒரே நாடு ஒரே சந்தா: மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25-ம் தேதி ஒப்புதல் கொடுத்த திட்டம். 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்களை மத்திய, மாநில அரசுகளின் நிர்வாகத்தில் உள்ள உயர்கல்வி நிறுவனங்களில் படிப்பவர்கள் பார்க்கலாம். உங்கள் கல்லூரி இதில் இருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள்.

• ஷோத்கங்கா: இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் இருக்கும் தளம். தமிழ் ஆய்வேடுகளும் உண்டு.

• மசாலாப் பயிர்களுக்கு கோழிக்கோட்டில் உள்ள இந்திய மசாலாப் பயிர்கள் சங்கம் நடத்தும் ஆய்விதழ் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

பேப்பர் கிடைத்துவிட்டது. இனிதான் விஷயமே.

எல்லாவற்றுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி

எந்த ஆப் நல்லது என்பதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. அதற்கு முன் கேட்க வேண்டியது வேறு: நான் எழுதும் குறிப்பு ஃபைலுக்குள்ளே போகிறதா, ஆப்புக்குள்ளே போகிறதா?

இதற்கு மூன்று பதில்கள் உண்டு.

ஒன்று, ஃபைலுக்குள்ளே. பிடிஎஃப் என்பது அடோபி நிறுவனம் 1993-ல் கொண்டுவந்த வடிவம். 2008-ல் சர்வதேசத் தரமாகவும் ஆகிவிட்டது. ஹைலைட், ஒட்டுக்குறிப்பு, பேனாக் கோடு எல்லாவற்றையும் அந்த ஃபைலுக்குள்ளேயே எழுதிவைக்க அந்தத் தரத்தில் இடமிருக்கிறது. அடோபி ரீடர், சோடோ போன்ற ஆப்களில் குறிப்பெழுதி சேமித்தால் குறிப்பு ஃபைலோடு ஒட்டிக்கொள்ளும். ஃபைலை யாருக்கு அனுப்பினாலும் குறிப்பும் கூடவே போகும்.

இரண்டு, ஆப்பின் சொந்த டேட்டாபேஸில். ஜோட்டெரோ இப்படித்தான் வேலை செய்கிறது. பிடிஎஃப் ஃபைல் தொடப்படாமல் அப்படியே இருக்கும். குறிப்புகள் தனியாக ஒரு பட்டியலில் சேரும். ஜோட்டெரோவில் திறந்தால் இரண்டும் சேர்ந்து தெரியும். அதே ஃபைலை வேறு ஆப்பில் திறந்தால் வெறும் பேப்பர்தான் தெரியும்.

மூன்று, ஒரு நகலில். குட்நோட்ஸ், சாம்சங் நோட்ஸ் போன்ற நோட்டுப்புத்தக ஆப்கள் பிடிஎஃப்பை உள்ளே இழுக்கும்போது தங்களுக்கென ஒரு நகல் எடுத்துக்கொள்கின்றன. நீங்கள் எழுதுவது அந்த நகலில். அசல் ஃபைல் பழைய இடத்தில் பழையபடியே கிடக்கும்.

மலையில் எழுதிய குறிப்பு லேப்டாப்பில் தெரியாததற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டாவது அல்லது மூன்றாவது வகை. குறிப்பு டேப்லெட்டில் பத்திரமாகத்தான் இருக்கிறது. தேடியது வேறு ஃபைலில். டேப்லெட்டைத் துடைத்து ரீசெட் செய்வதற்கு முன்னால் இது தெரிந்துவிட்டால் பிழைத்தோம். பின்னால் தெரிந்தால் போச்சு.

நீங்களே சோதிக்கலாம்: 2 நிமிட டெஸ்ட்

1. ஏதாவது ஒரு பிடிஎஃப்பை டேப்லெட்டில் திறந்து ஒரு வரியை ஹைலைட் செய்யுங்கள். ஓரத்தில் உங்கள் பெயரைக் கையால் எழுதுங்கள்.
2. ஆப்பை மூடுங்கள்.
3. டேப்லெட்டின் ஃபைல் மேனேஜரிலிருந்து அந்த பிடிஎஃப்பை உங்களுக்கே மெயில் அனுப்புங்கள். ஆப்பின் ஷேர் பட்டனைப் பயன்படுத்த வேண்டாம். பல ஆப்களில் அது குறிப்பை அந்த நேரத்தில் சேர்த்து அனுப்பிவிடும், சோதனை பொய்த்துவிடும்.
4. கம்ப்யூட்டரில் வேறு ஒரு ஆப்பில் திறங்கள்.

ஹைலைட் தெரிந்தால் முதல் வகை. தெரியாவிட்டால் மற்ற இரண்டில் ஒன்று. எந்த ஆப்பை நம்பி ஒரு பேப்பரைக் கூட குறிப்பெழுதிப் படிக்கும் முன்பும் இதைச் செய்துவிடுங்கள்.

வழி 1: ஒரே ஃபோல்டர், எளிய ஆப்

முப்பது நாற்பது கட்டுரைகள் மட்டும் படிக்கிறவர்களுக்கு இது போதும்.

• கூகுள் டிரைவ் அல்லது ஒன்டிரைவில் ஒரு ஃபோல்டர். கூகுள் இலவசமாக 15 ஜிபி தருகிறது (ஜிமெயில், போட்டோக்கள் எல்லாம் இதில்தான் சேரும்). ஒன்டிரைவ் 5 ஜிபி.
• இரண்டு கருவியிலும் முதல் வகை ஆப். குறிப்பு ஃபைலுக்குள்ளேயே சேமிக்கும் ஆப்.
• ஃபைல் பெயருக்கு ஒரே ஒழுங்கு: ஆண்டு, முதல் ஆசிரியர், இரண்டு மூன்று சொல்லில் தலைப்பு. டவுன்லோட் ஆகும்போது வரும் எண்களை அப்படியே விட்டால் மூன்று மாதத்தில் எது எதுவென்று உங்களுக்கே தெரியாது.

இதில் ஒரு ஆபத்து உண்டு. இங்கே கிளவுடுக்குத் தெரிவது முழு ஃபைல் மட்டும்தான். உள்ளே எந்தப் பக்கத்தில் என்ன எழுதினீர்கள் என்பது அதற்குத் தெரியாது. மலையில் ஆஃப்லைனில் டேப்லெட்டில் 4-ம் பக்கத்தில் எழுதுகிறீர்கள். நெட் வருவதற்குள் லேப்டாப்பில் 9-ம் பக்கத்தில் ஹைலைட் போடுகிறீர்கள். நெட் வந்ததும் இரண்டு ஃபைலும் மோதும். ஒன்று மற்றொன்றை அழிக்கும், அல்லது ஒரே பெயரில் இரண்டு நகல் வந்து நிற்கும். பாதிக் குறிப்பு ஒன்றில், மீதி இன்னொன்றில்.

தீர்வு எளிது: ஒரு நேரத்தில் ஒரு பேப்பரை ஒரு கருவியில் மட்டும் திறங்கள். டேப்லெட் நெட்டுக்கு வந்து அப்லோட் முடிந்த பிறகே லேப்டாப்பில் தொடுங்கள்.

வழி 2: ஜோட்டெரோ

பிஎச்.டி. என்று நூற்றுக்கணக்கில் படிக்கிறவர்களுக்கு இது. அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2006-ல் வெளிவந்த இலவச, திறமூல மென்பொருள். 2022-ல் வந்த 6-வது பதிப்பிலிருந்து பிடிஎஃப் படித்துக் குறிப்பெழுதும் வசதி உள்ளேயே வந்துவிட்டது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஐபேடுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் செயலி உண்டு.

இதன் பெரிய பலம், ஒவ்வொரு ஹைலைட்டையும் தனித்தனிப் பதிவாக வைத்துக்கொள்வது. அதனால் டேப்லெட்டில் 4-ம் பக்கத்திலும் லேப்டாப்பில் 9-ம் பக்கத்திலும் எழுதினாலும் பிரச்சினை இல்லை. நெட் வந்ததும் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். சிக்னல் விட்டுவிட்டு வரும் மலைப் பகுதிக்கு இது பெரிய நிம்மதி.

செய்ய வேண்டியவை:

1. கம்ப்யூட்டரில் ஜோட்டெரோவும் பிரவுசருக்கான அதன் கனெக்டரும் போடுங்கள். கட்டுரையின் பக்கத்தில் நின்று கனெக்டரை அழுத்தினால் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, பல நேரம் பிடிஎஃப்பும் சேர்ந்தே வந்துவிடும்.
2. இலவசக் கணக்கு தொடங்கி, கம்ப்யூட்டர், டேப்லெட் இரண்டிலும் அதே கணக்கில் நுழையுங்கள்.
3. ஆய்வின் இயல்களுக்கு ஏற்ப தொகுப்புகள் பிரியுங்கள். 'தீ - செயற்கைக்கோள்', 'தீ - களம்', 'புல்வெளி' என்று. ஒரே பேப்பரை இரண்டு தொகுப்பில் வைத்தாலும் நகல் ஆகாது.
4. படித்து முடித்ததும், குறிப்புகளிலிருந்து நோட் உருவாக்கும் வசதியை அழுத்துங்கள். சிதறிக் கிடக்கும் ஹைலைட் எல்லாம் பக்க எண்ணோடு ஒரே பட்டியலாக வரும். ஆய்வேடு எழுதும்போது இதுதான் கைகொடுக்கும்.

கவனிக்க வேண்டியவை மூன்று.

• இடம்: தலைப்பு, குறிப்பு, ஹைலைட் இவற்றுக்கு சேமிப்பு வரம்பு கிடையாது. பிடிஎஃப் ஃபைல்களுக்கு மட்டும் இலவசமாக 300 எம்பி. ஒரு பேப்பர் 2 எம்பி என்று வைத்தால் 150 பேப்பர். அதற்கு மேல் காசு கட்டலாம், அல்லது வெப்டேவ் வசதி உள்ள வேறு சேமிப்பகத்தை இணைக்கலாம்.
• டிரைவில் வைக்காதீர்கள்: ஜோட்டெரோவின் டேட்டா ஃபோல்டரையே தூக்கி கூகுள் டிரைவுக்குள் வைத்தால் டேட்டாபேஸ் பழுதாகும். இதை அவர்களே எச்சரிக்கிறார்கள்.
• கைடுக்கு அனுப்பும்போது: குறிப்பு ஃபைலுக்குள் இல்லை என்பதை மறக்காதீர்கள். எக்ஸ்போர்ட் பிடிஎஃப் கொடுத்து, குறிப்போடு சேர்த்த நகலை எடுத்து அனுப்புங்கள். இல்லையென்றால் வெறும் பேப்பர்தான் போகும்.

இலவச ஆப் நாளைக்கும் இருக்குமா?

நியாயமான கேள்வி. மெண்டலே என்ற மென்பொருளை ஒரு காலத்தில் ஏராளமான மாணவர்கள் பயன்படுத்தினார்கள். 2013-ல் எல்செவியர் பதிப்பகம் அதை வாங்கியது. 2021-ல் அதன் மொபைல், டேப்லெட் செயலிகள் நிறுத்தப்பட்டன. டேப்லெட்டில் படித்துக்கொண்டிருந்தவர்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

எந்த ஆப்பாக இருந்தாலும் இது நடக்கலாம். அதனால்தான் ஆப்பின் அழகைவிட, உள்ளே போட்டதை வெளியே எடுக்கும் வழி இருக்கிறதா என்பது முக்கியம்.

மலைக்குப் போகும் முன்

இந்த மலையில் ஒரு பழைய கதை உண்டு. மூணாறு பக்கத்துத் தேயிலை, ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வரும். அங்கிருந்து ரோப்வேயில் கீழே கொட்டகுடிக்கு இறங்கும். கொட்டகுடிக்கு பாட்டம் ஸ்டேஷன் என்றே பெயர். பிறகு வண்டியில் போடிக்கு. 1924 வெள்ளத்தில் அந்த ரயில் பாதை அழிந்துபோனது.

டேப்லெட்டும் கம்ப்யூட்டரும் அதே மாதிரி இரண்டு ஸ்டேஷன்கள்தான். நடுவில் ஓடும் ரோப்வே, நெட். மேலே இருக்கும்போது அது ஓடாது என்று வைத்துக்கொண்டே கிளம்ப வேண்டும்.

• போடியிலேயே, நெட் இருக்கும்போதே, தேவையான ஒவ்வொரு பேப்பரையும் டேப்லெட்டில் ஒருமுறை திறந்து பாருங்கள். பட்டியலில் பெயர் தெரிவதால் ஃபைல் இறங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. பல ஆப்கள் தொட்டால்தான் இறக்கும்.
• ஏரோபிளேன் மோடு போட்டு மறுபடி திறந்து பாருங்கள். திறந்தால்தான் கணக்கு.
• சார்ஜ் முழுசா இருக்கட்டும். வெயிலில் திரை வெளிச்சத்தைக் கூட்ட வேண்டியிருக்கும். பேட்டரி சீக்கிரம் இறங்கும்.
• முக்கியமான வரைபடம் ஒன்றிரண்டை பிரிண்ட் எடுத்து வையுங்கள். டேப்லெட் கீழே விழுந்தால் காகிதம் காப்பாற்றும்.
• இறங்கியதும் முதல் வேலை சிங்க். இரண்டாவது வேலை சாப்பாடு.

இன்னொன்று. வனத்துறை அனுமதி இல்லாமல் மலைப்பாதையில் ஏறக் கூடாது. காட்டுத்தீ காலத்தில் பாதைகளை மூடுவதும் உண்டு. ஆய்வுக்கென்று போகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

எப்படிக் குறிப்பெழுதினால் பின்னால் புரியும்?

பக்கம் முழுக்க மஞ்சள் அடித்தால் எதுவுமே ஹைலைட் ஆகவில்லை என்றுதான் அர்த்தம். நிறத்துக்கு ஒரு பொருள் வையுங்கள். உதாரணத்துக்கு:

• மஞ்சள்: கட்டுரையின் முக்கிய முடிவு
• பச்சை: நான் பயன்படுத்தப் போகும் முறை
• சிவப்பு: சந்தேகம், ஒத்துக்கொள்ள முடியாதது
• நீலம்: அடுத்துத் தேடிப் படிக்க வேண்டிய கட்டுரை

இரண்டு கருவியிலும் அதே நிறம், அதே பொருள். நடுவில் மாற்றாதீர்கள்.

களத்தில் எழுதும் குறிப்பில் நான்கு விஷயம் கட்டாயம்: தேதி, நேரம், இடம், நான் கண்டது. 'பேப்பர் சொல்வது' வேறு, 'நான் பார்த்தது' வேறு. இரண்டையும் கலந்து எழுதினால் ஆறு மாதம் கழித்து எது யாருடையது என்று தெரியாது.

இடம் ஏன் முக்கியம்? ஆரோக்கியமான செடி அண்மை அகச்சிவப்பு ஒளியை அதிகம் பிரதிபலிக்கும். எரிந்த தரை அப்படிச் செய்யாது. குற்றலை அகச்சிவப்பில் அதன் பிரதிபலிப்பு கூடும். தீக்கு முன், பின் எடுத்த படங்களில் இந்த வித்தியாசத்தைக் கணக்கிட்டுத்தான் எரிந்த பரப்பைச் சொல்கிறார்கள். சென்டினல்-2 செயற்கைக்கோளின் குற்றலை அகச்சிவப்புப் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 20 மீட்டருக்கு 20 மீட்டர். அதற்குள் ஒரு பாறையும் ஒரு புதரும் ஒரு ஒற்றையடிப் பாதையும் அடங்கிவிடும். நேரில் போய் எங்கே நின்றோம் என்று எழுதினால்தான் அந்தப் புள்ளி சொல்வது சரியா என்று சரிபார்க்க முடியும். 'இங்கே புல்' என்று மட்டும் எழுதிய குறிப்பால் பயனில்லை.

தமிழ் பிடிஎஃப்பில் ஹைலைட் ஆகவில்லையே?

தமிழ் படித்தவன் என்ற முறையில் இந்தத் தலைவலி எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு காரணம்.

ஸ்கேன் செய்த நூல். தமிழ் மின்நூலகம் போன்ற தளங்களில் இருக்கும் பழைய நூல்கள் பலவும் பக்கத்தைப் படம் பிடித்தவை. கம்ப்யூட்டருக்கு அது எழுத்து அல்ல, போட்டோ. வரியை இழுத்து ஹைலைட் செய்ய முடியாது. கட்டம் போட்டுக் குறிக்கும் வசதி ஜோட்டெரோ உட்பட பல ஆப்களில் உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். அல்லது எழுத்துணரி மூலம் எழுத்தாக மாற்றுங்கள். டெசராக்ட் என்ற இலவச எழுத்துணரி தமிழும் படிக்கும். ஆனால் மேற்கோள் எடுக்கும் முன் பக்கத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தே ஆக வேண்டும்.

பழைய எழுத்துரு. பாமினி போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருவில் தட்டச்சு செய்த பிடிஎஃப், பார்க்க அழகாக இருக்கும். ஹைலைட்டும் ஆகும். ஆனால் எடுத்த வரி, குறிப்புப் பட்டியலில் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்து நிற்கும். தேடினாலும் கிடைக்காது. எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடுக்குக் கொண்டுவாருங்கள். ஓரிரு வரிதான் என்றால் கையாலேயே தட்டிவிடுவது நல்லது.

டேப்லெட் கட்டாயம் வாங்கணுமா?

வேண்டாம். கட்டுரையை ஆழமாகப் படித்துக் குறிப்பெழுதி, ஆய்வேடு எழுத லேப்டாப் போதும். பஸ், ரயில், களம் என்று நகர்ந்துகொண்டே படிக்கிறவருக்கும், வரைபடம், சமன்பாடு மேல் கையால் எழுத வேண்டியவருக்கும் டேப்லெட் உதவும்.

2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று அறிவிப்பு வந்தது. இப்படி ஏதாவது ஒன்று மட்டும் கையில் இருந்தாலும் கவலை இல்லை. செல்போனிலேயே ஜோட்டெரோவைத் திறந்து முன்பு போட்ட குறிப்புகளைப் படிக்கலாம்.

சந்தேகங்கள்

கட்டுரையின் புதிய பதிப்பு வந்தால் பழைய குறிப்பு தானாக மாறுமா?
மாறாது. ஆர்கைவில் ஒரே கட்டுரைக்குப் பல பதிப்புகள் இருக்கலாம். நியூட்ரினோ அறிக்கையே 2015-ல் ஆர்கைவில் ஏறி, 2017-ல் 'பிரமாணா' ஆய்விதழில் அச்சானது. எந்தப் பதிப்பில் குறிப்பெழுதினீர்கள் என்று முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். பழையதை அழித்துவிட்டு அந்த இடத்தில் புதியதை வைக்காதீர்கள்.

சிங்க் இருந்தால் பேக்கப் எதற்கு?
சிங்க் வேறு, பேக்கப் வேறு. டேப்லெட்டில் தவறி அழித்தால் சிங்க் அதையும் கடமையாக லேப்டாப்பிலும் அழித்துவிடும். மாதம் ஒருமுறை முழுவதையும் பென்டிரைவிலோ ஹார்டுடிஸ்க்கிலோ தனியாக நகல் எடுங்கள்.

குறிப்பு காணாமல் போனது தெரிந்தால் முதலில் என்ன செய்யணும்?
எதையும் அழிக்காதீர்கள். ஆப்பை அன்இன்ஸ்டால் செய்யாதீர்கள். எழுதிய அதே டேப்லெட்டில், எழுதிய அதே ஆப்பில் திறந்து பாருங்கள். அங்கே இருந்தால் உடனே குறிப்போடு பிடிஎஃப்பாக எக்ஸ்போர்ட் செய்து உங்களுக்கே மெயில் அனுப்புங்கள். மற்றதெல்லாம் பிறகு.

சுருக்கமாக

• குறிப்பு ஃபைலுக்குள்ளா, ஆப்புக்குள்ளா, நகலிலா? 2 நிமிட டெஸ்டில் தெரிந்துகொள்ளுங்கள்.
• கொஞ்சம் பேப்பர் என்றால் ஒரே ஃபோல்டர். நிறைய என்றால் ஜோட்டெரோ.
• மலை ஏறும் முன் ஏரோபிளேன் மோடில் திறந்து பாருங்கள்.
• இறங்கியதும் சிங்க். மாதம் ஒருமுறை பேக்கப்.

தொடக்கத்தில் பார்த்த அந்த மாணவிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. டேப்லெட் அவர் பையில்தான் இருக்கிறது. அதே ஆப்பைத் திறந்தால் அந்த வரி அங்கேயே இருக்கும்: இப்போது இடுப்பளவு புல். எக்ஸ்போர்ட் பட்டனை அழுத்திவிட்டுத் தூங்கப் போகலாம்.